பழையபடி வராது என்று சொன்னவர்

டாக்டர் அமலோற்பவம் மாரடைப்பில் இறந்துவிட்டார் என்ற செய்தி, நான் அரியலூர் பஸ்ஸில் இருந்தபோது போனில் வந்தது. மாலையில் வரதராசன்பேட்டையில் அவர் வீட்டுக்குப் போனால், தெருமுனையில் எங்கள் ஆஸ்பத்திரி வைத்த பேனர்: 'நம்பிக்கை ஊட்டிய நல்லவர்'. அழுகைக்கு முன்னால் எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

பெரம்பலூரில் அவருடன் வேலை பார்த்த எங்களுக்குக் காரணம் தெரியும். மணிக்கட்டில் நரம்பு நசுங்கிக் கை மரத்துப்போனவர்களுக்கு, ஆபரேஷனுக்கு முன் லேசாக மின்சாரம் கொடுத்து அந்த நரம்பைச் சோதிப்பது அவர் வேலை. ஆபரேஷனுக்குப் பின் கைக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. கை எவ்வளவு தேறும் என்று அந்தச் சோதனையை வைத்து ஓரளவு சொல்லலாம். அமலோற்பவம் மேடம் அதை நோயாளியிடமே சொல்லிவிடுவார். "வர்ற பேஷன்ட்டை விரட்டுறீங்க" என்று நிர்வாகம் முகம் சுளித்தது.

வேப்பந்தட்டை செல்வி, மேடம் லீவில் இருந்தபோது வந்தவர். சின்ன வெங்காயத்தின் காய்ந்த தாளை அறுத்து அறுத்தே கை போனவர். நரம்பு மிகவும் கெட்டிருப்பதாக, மேடத்துக்குப் பதிலாகச் சோதித்தவரின் ரிப்போர்ட்டும் சொன்னது. ஆனாலும் "ஒரே மாசத்துல பழையபடி ஆயிரும்" என்று சொல்லித்தான் சர்ஜன் ஆபரேஷன் செய்தார். வலி போனது. பிடிமானம் வரவில்லை. "எக்சர்சைஸ் ஒழுங்கா செஞ்சிருக்க மாட்ட" என்று அவர் திட்ட, செல்வி என்னிடம் வந்து அழுதார். "ஜாக்கெட் கொக்கி மாட்டக்கூட மருமவளைக் கூப்பிடுறேன் சார். எம்மேலதான் தப்பு போல."

இதைக் கேட்ட மேடம் விடுவிடுவென்று சர்ஜன் அறைக்குப் போனார். அவர் குரல் வராண்டா முழுக்கக் கேட்டது. "ரிப்போர்ட்ல இருக்கிறதைச் சொல்லாம மறைச்சுட்டு, அந்தம்மா மேல பழியைப் போடுறீங்களே, வெக்கமா இல்ல?" கொஞ்ச நாளிலேயே மேடத்தை வேலையை விட்டு அனுப்பினார்கள். அவர்கள்தான் இப்போது பேனர் வைக்கிறார்கள்.

அவர் சொன்னதெல்லாம் பலித்துவிடவில்லை. தேறாது என்று அவர் நினைத்த திருமானூர்க்காரர் ஒருவர், அந்தக் கையாலேயே டீ டம்ளரைப் பிடித்துக் காட்டினார். மேடம் சிரித்துவிட்டார். "என் கணக்கு தப்பாப் போச்சு தம்பி, எல்லார்கிட்டயும் சொல்லுங்க." தன் தப்பையும் மறைக்கத் தெரியாத மனுஷி.

அடக்கம் முடிந்த மறுநாள், ஆபரேஷனுக்கு வந்த விக்கிரமங்கலத்து அம்மா ஒருவர் என்னிடம் கேட்டார். "கை பழையபடி வருமாங்க?"

ரிப்போர்ட் மோசமாக இருந்தது. "வலி குறையும்மா. பிடிமானம் முழுசா வர்றது கஷ்டம்" என்றேன்.

அவர் கையைத் திருப்பிப் பார்த்தார். "ராத்திரி தூங்குனாப் போதுங்க. பண்ணிக்கிறேன்" என்றார்.

கேட்பவரிடம் உள்ளதைச் சொல்லிவிடுவது. மேடத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான். அதற்காக என்னையும் அனுப்பினால் அனுப்பட்டும்.