தெரிந்த காரணம்

அலுவலகத்தில் அவளுக்குக் கழுகு என்று பட்டப்பெயர். வைத்தவன் அவள் கணவன்தான். அதே அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தவன். கம்ப்யூட்டர்களுக்குள் யார் வந்தார்கள், யார் கடவுச்சொல்லைத் தப்பாகப் போட்டுத் திரும்பினார்கள் என்று இயந்திரமே எழுதி வைக்கும் பதிவுகளைத் தினமும் காலையில் படிப்பது அவள் வேலை. படிப்பதென்றால் கதைப் புத்தகமா என்ன? பெயர், நேரம், எந்த இணைப்பிலிருந்து வந்தது என்கிற முகவரி எண், அவ்வளவுதான். ஆபத்தில்லாத வரியைத் 'தெரிந்த காரணம்' என்று குறித்துத் தள்ளவேண்டும். மற்றதைத் தோண்டவேண்டும். முன்பெல்லாம் கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்திருப்பாள்.

போன வருஷம் கணவன் மாரடைப்பில் போய்விட்டான். விடுப்பு முடிந்து அவள் வேலைக்குத் திரும்பிய காலையில், பதிவில் அவன் பெயர் நின்றது. உள்ளே வர முயற்சி, அனுமதி இல்லை. முகவரி எண்ணைப் பார்த்தாள்; அவர்கள் வீட்டு இணைப்பு. விஷயம் புரிந்துவிட்டது. அவன் கணக்கை அலுவலகம் பூட்டிவிட்டது. வீட்டு அலமாரிக்குள் இருக்கும் பிளக்கில் சார்ஜரோடு செருகியே கிடக்கிற அவன் போனுக்கு அது தெரியுமா? அது பாட்டுக்கு அலுவலக மெயிலைக் கேட்டுத் தட்டிக்கொண்டிருக்கிறது. 'தெரிந்த காரணம்' என்று குறித்தாள்.

போனை அணைத்திருக்கலாம். அதற்கு அலமாரியைத் திறக்க வேண்டுமே. உள்ளே அவன் சட்டைகள் இருந்தன.

அவள் அழவில்லை. சமைத்தாள், பஸ் ஏறினாள், தூங்கினாள். கல்லு மனசு என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். உடம்பு முழுக்க மரத்துப்போன மாதிரிதான் இருந்தது. காலையில் அந்த ஒரு வரியைப் பார்க்கும்போது மட்டும், சரி, இன்னைக்கும் வந்திருக்காரு என்று தோன்றும். பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். அவளுக்கு அந்த வரி மட்டும் புளிக்கவில்லை, மற்ற எல்லாம் புளித்துப்போயின. முதலில் அவன் பெயரைத் தேடிக் குறிப்பாள். மிச்சத்தைக் கண்ணால் மேய்ந்துவிட்டு மூடிவிடுவாள். கழுகாம் கழுகு!

ஒருநாள் மேலாளர் கூப்பிட்டார். வீட்டில் கிடக்கிற போன்தான் காரணம் என்று அவள் அவரிடம் முன்பே சொல்லியிருந்தாள். தணிக்கை வருகிறது, இறந்தவர் பெயரில் இத்தனை வரி இருந்தால் கேள்வி வரும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். "இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் அந்தப் போனை அணைச்சிடுங்கம்மா. உங்களுக்கு நான் சொல்லணுமா."

சரிங்க சார் என்றாள். பஸ்ஸில் வரும்போது, நாளைக் காலையில் அந்த வரி இருக்காதே என்று நினைத்தாள். இத்தனை மாதத்தில் அவளுக்கு வந்த முதல் பயம் அதுதான்.

வீட்டுக்கு வந்ததும் யோசிக்காமல் அலமாரியைத் திறந்தாள். சட்டைகளுக்குக் கீழே போன் இருந்தது. அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். உயிரே இல்லை. சார்ஜரையும் காணோம்.

கல்லூரியிலிருந்து வந்த மகள் கதவோரம் நின்றாள்.

"சார்ஜரை நான்தான்மா எடுத்தேன். என்னோடது போயிடுச்சு. நீதான் இந்த அலமாரிப் பக்கமே வரமாட்டியே, உன்கிட்ட எப்படிக் கேக்கறது?"

"எப்போ எடுத்தே?"

"மழை ஆரம்பிச்சப்போ."

மழைக்காலம் முடிந்து வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. இன்று காலையிலும் அவன் பெயர் வந்ததே!

அலுவலக லேப்டாப்பைத் திறந்து, முதல் நாளுக்குப் பிறகு அவள் பார்க்காமலே விட்ட முகவரி எண்களைப் பார்த்தாள். மழை தொடங்கிய வாரத்தோடு வீட்டு எண் நின்றுபோயிருந்தது. அதற்கப்புறம் வந்ததெல்லாம் வேறு ஏதோ எண். அதே எண் வேறு பல பெயர்களிலும் தட்டியிருந்தது. கிடங்கு குமாஸ்தாவின் பெயரில், போன வாரம், உள்ளேயே போயிருந்தது. அடப்பாவி! இத்தனை நாளும் ஒரு திருடனைத்தான் காலையில் எழுந்து எதிர்பார்த்தாளா?

மேலாளருக்குப் போன் போட்டாள். குமாஸ்தாவின் கணக்கை உடனே பூட்டச் சொன்னாள். எண்ணைச் சொன்னாள், தேதியைச் சொன்னாள், குறித்துத் தள்ளியது தான்தான் என்பதையும் சொன்னாள். குரல் ஆடவில்லை.

"உங்க கண்ணுல எப்படிம்மா தப்பிச்சுது?" என்றார் அவர்.

"என் வீட்டுக்காரர்னு நினைச்சேன் சார்" என்றாள்.

சொன்ன பிறகுதான் அழுகை வந்தது.