கை நனைக்காதவர்

மூடி நசுங்கிய எவர்சில்வர் தூக்குப்போசி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, எங்கள் கட்டிங் மாஸ்டர் வேப்பமரத்தடியில் தனியாகச் சாப்பிடுவார். பத்தடி தள்ளி, தோட்டத்துக்காரர் வீட்டு வாசலில், மற்ற எல்லோரும் இலை போட்டு வரிசையாக உட்கார்ந்திருப்போம். பனியன் கம்பெனிகள் மூடிக் கிடக்கும் தீபாவளி விடுமுறையில், குன்னத்தூர்ப் பக்கம் ஒரு குளத்துக்கு நீர் வரும் வாய்க்காலைத் தூர்வாரப் போயிருந்தோம். மழை வருவதற்குள் வேலை முடியாவிட்டால் அந்த ஊர் இன்னொரு வருடமும் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்க வேண்டும். முன்பே வந்து இடம் பார்த்து, முகாமை ஏற்பாடு செய்தவர் மாஸ்டர்தான்.

படுக்கை ஊராட்சிப் பள்ளியில். யார் காய் நறுக்குவது, யார் பாத்திரம் கழுவுவது என்று நான் முறை போட்டு வைத்திருந்தேன். முதல் நாளே அது வீணாயிற்று. "ஊருக்கு வேலை செய்ய வந்தவிய அடுப்பூதறதாங்க? நம்மூட்டுக்கு வாங்க" என்று தோட்டத்துக்கார அம்மா எல்லோரையும் அழைத்துவிட்டார். கம்பெனியில் முறைத்துக்கொள்ளும் டெய்லர்களும் செக்கிங் பெண்களும் ஒரே பந்தியில் உட்கார்ந்து, பருப்புக்கு ஊத்துக்குளி நெய் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். மாஸ்டர் மட்டும் வயிறு சரியில்லை என்று பள்ளியில் கஞ்சி காய்ச்சி எடுத்து வந்தார். மறுநாளும் அதையே சொன்னார். "வயித்து வலிக்காரரு மம்பட்டி மட்டும் நல்லாத்தான் புடிக்கறாரு" என்றார் ஒரு டெய்லர். பந்தி முழுவதும் சிரித்தது. அந்த அம்மா சிரிக்கவில்லை. "ஏனுங்க, அவருக்கு நம்மூட்டுச் சோறு ஆகாதுங்களா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். மாஸ்டர் தெற்கத்திக்காரர், சர்ச்சுக்குப் போகும் வேதக்காரர். கேள்வி சாதி, மதம் பக்கம் போகிறது என்று புரிந்தது. இன்னும் கொஞ்சம் மோர் கேட்டேன்.

நான்காம் நாள் நாங்கள் வெட்டிக்கொண்டே போன வாய்க்கால், தோட்டத்துக்காரரின் மாட்டுக் கொட்டகையில் முட்டி நின்றது. கொட்டகைக்கு அந்தப் பக்கம் பழைய வாய்க்காலின் தடம் தொடர்ந்தது. அதை மறித்துத்தான் கட்டியிருந்தார்கள். மேற்கே வானம் கறுத்திருந்தது. காலையில் அந்த வீட்டு இட்லி தின்றவர்கள் நாங்கள். மம்பட்டிகளைக் கீழே வைத்துவிட்டு நின்றோம். தோட்டத்துக்காரர் வந்து பார்த்தார். "சுத்தி வெட்டிக்கலாமுங்க. மொதல்ல சாப்புடுங்க, அப்புறம் பேசிக்கலாம்." சுற்றிலும் மேடு, தண்ணீர் ஏறாது என்பது அவருக்கும் தெரியும்.

"பேசி முடிச்சிட்டே சாப்பிடுதேங்க" என்றார் மாஸ்டர். "கொட்டகைய அந்த மேட்டுல தள்ளிப் போடணும். நாங்களே பிரிச்சு, நாங்களே கட்டித் தாரோம்."

தோட்டத்துக்காரர் எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். "நீங்க எல்லாம் என்னங்க சொல்றீங்க?" நான் என் காலில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா வாசலிலிருந்து இறங்கி மாஸ்டரிடம் வந்தார். "இதுக்குத்தானுங்களா எங்கூட்ல கை நனைக்காம இருந்தீங்க?"

"ஆமாம்மா. நனைச்சிருந்தா கேக்க நாக்கு எழும்பாது."

அந்த அம்மா கறுத்த வானத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு அவர் கணவரிடம், "உட்டுக் குடுத்துருங்க, தண்ணி ஊருக்குத்தான" என்றார். எங்களிடம் திரும்பி, "இனிப் பள்ளிக்கூடத்துலயே ஆக்கிக்குங்க" என்று சொல்லிவிட்டு, மதியத்துக்கு நறுக்கி வைத்திருந்த இலைகளை உள்ளே எடுத்துப் போனார்.

கொட்டகையை மாற்றிக் கட்டினோம். மழையும் வந்தது, குளத்துக்குத் தண்ணீரும் வந்தது. பள்ளியில் அடிப்பிடித்த சோற்றைத் தின்றுகொண்டே அந்த டெய்லர், "முன்னாடியே சொல்லியிருக்கலாமே மாஸ்டர்" என்றார். "சொல்லியிருந்தா நீங்களும் உக்காந்திருக்க மாட்டிய. அந்தம்மா இத்தன நாளு சந்தோசமா போட்டாவ, அது போதும்" என்றார் மாஸ்டர்.

ஒவ்வொரு தீபாவளிக்கும் வாய்க்காலைச் சுத்தம் செய்ய இப்போதும் போகிறோம். அரிசி, அடுப்பு எல்லாம் எங்களுடையது. மாஸ்டருக்குப் பார்வை மங்கி, வேலையை விட்டு ஊரோடு போய்விட்டார். போன முறை அந்த வீட்டைக் கடக்கும்போது அம்மா நிறுத்தி, அவர் வரவில்லையா என்று விசாரித்தார். சொன்னேன்.

"வேலைதான் முடிஞ்சுதுங்களே. அதுக்கப்புறமாச்சும் ஒருவாட்டி வந்து சாப்புட்டிருக்கலாமுங்க" என்றார்.

எங்களைச் சாப்பிடக் கூப்பிடவில்லை.