ஆறு நிமிடங்களில் ஒரு மான்

சாம்பியாவிலிருந்து திரும்பிய ஓராண்டுக்குள் அந்த மானைப் பற்றி எத்தனை மேடைகளில் பேசினேன் என்று எண்ணிப் பார்க்க எனக்கு இப்போது விருப்பமில்லை. மொன்ட்ரியாலின் செயின்ட்-மிஷேலில் ஒரு தமிழ் மண்டபம், இரண்டு தேவாலயங்களின் கீழ்த்தளக் கூடங்கள், நான்கைந்து பள்ளிக்கூடங்கள், ஒரு நூலகம். எங்கும் அதே ஆறு நிமிடங்கள். அதே சொல்லில் குரலைத் தாழ்த்தினேன், அதே சொல்லில் நிறுத்தினேன், அங்கேயே கைதட்டினார்கள். கடைசிக் கூட்டங்களில் என் பெயரை அறிவிக்கும்போதே எனக்குக் களைப்பு வந்துவிடும்.

பேச்சு எனக்குப் புதிதன்று. எட்டு வயதிலிருந்து இந்த நகரத்தின் தமிழ் மேடைகளில் பேசி வளர்ந்தவன் நான். தாளைப் பார்த்துப் படிப்பவர்களை நான் பேச்சாளர்களாகக் கருதியதில்லை, இன்றும் கருதவில்லை. எதிரணியின் வாதத்தை அவர்களைவிடத் தெளிவாக எடுத்துரைத்து, சபை தலையசைத்த பிறகு அதை உடைப்பது எனக்குப் பிடித்த வேலை. இந்தப் பெருமையை மறைத்து எழுதினால் பின்னால் நடந்தது விளங்காது.

பல்கலைக்கழக விடுமுறையில் ஆறு வாரங்கள், காட்டுயிர் பாதுகாப்புக் குழு ஒன்றின் தொண்டனாக அங்கே போயிருந்தேன். சிங்கத்தை ஒருமுறை தொலைவில் பார்த்தேன். எங்கள் வேலை நடப்பது. விடிவதற்கு முன் புறப்பட்டு, இரண்டு வனக்காவலர்களுக்குப் பின்னால் வரிசையாக நடந்து, வேட்டைக்காரர்கள் புதரடியில் கட்டிவைத்த கம்பிச் சுருக்குகளைத் தேடி அறுத்து, மூட்டையாகத் தூக்கிவர வேண்டும். பெரும்பாலான நாட்களில் வெறும் கம்பிதான் கிடைக்கும். மூன்றாவது வாரத்தில் ஒரு சுருக்கில் இம்பாலா மான் ஒன்று பின்னங்காலோடு மாட்டியிருந்தது, உயிருடன். நான் என் சட்டையைக் கழற்றி அதன் கண்களை மூடிப் பிடித்துக்கொண்டேன். மூத்த காவலர் கம்பியை அறுத்தார். நகம் வெட்டுவது போன்ற சிறிய ஓசை.

திரும்பி வந்த இரண்டாம் வாரம் ஒரு பேச்சுப்போட்டி. ஆறு நிமிடம், ஐந்தாவது நிமிடத்தில் எச்சரிக்கை மணி, ஆறாவதில் இறுதி மணி, அதைத் தாண்டினால் புள்ளிகள் குறையும். முன்னுரையை நீட்டிவிட்டேன். எச்சரிக்கை மணி ஒலித்தபோது மான் இன்னும் சுருக்கில்தான் கிடந்தது. அவசரமாகக் காவலரைக் கொண்டுவந்தேன், கம்பியை அறுத்தேன், "அந்த ஒரு கணத்தில் காடு மூச்சு விட்டது" என்று சொல்லி நிறுத்தினேன். சபை எழுந்து நின்றது. முதற்பரிசும் கிடைத்தது.

அதற்குப் பின் நடந்ததைச் சொல்ல நேரமிருக்கவில்லை. அடுத்த மேடைகளில் நேரம் இருந்தது, நான் சொல்லவில்லை. எங்களை அனுப்பிய குழுவின் பொறுப்பாளர், கியூபெக்காரப் பெண்மணி, அதே பேச்சைப் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் கேட்டு வாங்கினார். புதிய தொண்டர்களைச் சேர்க்க அதைவிட நல்ல வழி இல்லை என்றார்.

அப்படிச் சேர வந்தவர்களில் ஒருத்தி, மொன்ட்ரியால்-நோரில் தன் தேவாலயக் கூட்டத்தில் என் பேச்சைக் கேட்ட பத்தொன்பது வயதுப் பெண். ஒரு கார்டெரியில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தாள். இரண்டாம் முறை விண்ணப்பித்து, செஜெப் கல்லூரியில் தாதியர் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் சம்மதம் அனுப்பாவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும். சாம்பியாப் பயணமோ, படிப்பு தொடங்கும் அதே ஓகஸ்ட் தொடக்கம் ஐந்து மாதங்கள். அவள் பயணத்தைத் தேர்ந்திருந்தாள், தாய் மறுத்தார். தாயிடம் வந்து பேசும்படி அவள் என்னை அழைத்தாள். நான் மறுக்கவில்லை. ஒருவரை மட்டும் வெல்ல வேண்டிய சபை எனக்கு எளிதாகத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த மதியம். மூன்றாம் மாடி வீட்டில் அவளுடைய தாய் தன் வேலைச் சீருடைகளுக்கு அயர்ன் பிடித்துக்கொண்டிருந்தார். முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை. மன்னாரிலிருந்து வந்து இருபது ஆண்டுகளாக அதே வேலை என்று மகள் முன்பே சொல்லியிருந்தாள்.

"வாங்கோ தம்பி, இருங்கோ," என்றார் தாய். "நீங்கள் கதைச்சா நான் ஓம் எண்டிடுவனாம், இவள் சொன்னவள். அதான் நேரத்தோட சமைச்சு வச்சிட்டன். தோக்கிறதெண்டாலும் வயிறு நிறையத் தோப்பம்."

"அம்மா, சும்மா இருங்கோவன்," என்றாள் மகள்.

உட்கார்ந்தபடியே பேசினேன். ஆனால் பேசியது மேடைப் பேச்சுத்தான். வேறு விதமாகச் சொல்ல எனக்கு மறந்துபோயிருந்தது. கம்பி அறுந்தது, காடு மூச்சு விட்டது, நிறுத்தினேன். கைதட்டல் விழ வேண்டிய இடத்தில் அயர்ன் பெட்டியின் நீராவி சீறியது.

"நல்லாக் கதைக்கிறியள் தம்பி. ஃபாதரின்ர பிரசங்கத்துக்கு எனக்கு நித்திரை வரும். இதுக்கு வரேல்லை." ஒரு சட்டையை மடித்து வைத்தார். "அந்த மான் பேந்து என்ன செய்தது?"

"பேந்து எண்டா?"

"கம்பியை அறுத்தியள். அதுக்குப் பிறகு? எழும்பி ஓடினதோ?"

"அறுத்தா ஓடும்தானே அம்மா," என்றாள் மகள்.

"நான் உன்னைக் கேக்கேல்லை. அங்க நிண்டவரைக் கேக்கிறன். எங்கட இடத்தில ஒராளைக் கட்டிலால தூக்கிவிட்டா, பேந்து நடந்தவரோ எண்டும் எழுதோணும். தூக்கினதை மட்டும் எழுதினாக் காணாது."

ஓராண்டில் எந்தச் சபையும் இதைக் கேட்டதில்லை. மறுமொழிகள் எனக்குள் வரிசையாக வந்து நின்றன. ஒரு விலங்கைப் பற்றிய கேள்வியன்று இது என்று தொடங்கியிருக்கலாம். எதிர்க்கேள்வி போட்டிருக்கலாம். எதையும் எடுத்துப் பேச உடம்பில் தெம்பு இல்லை.

"எழும்பேல்லை அன்ரி," என்றேன்.

பிறகு மிச்சத்தைச் சொன்னேன். கம்பி எலும்பு வரை இறங்கியிருந்தது. இரண்டு நாட்களாவது கிடந்திருக்கும் என்றார் காவலர். சட்டையை அதன் முகத்திலிருந்து எடுத்த பிறகும் அது தலையைத் தூக்கவில்லை. அரை மணித்தியாலம் மூச்சு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. காவலர்கள் நிழலில் உட்கார்ந்து தாங்கள் கொண்டுவந்ததைச் சாப்பிட்டார்கள். எனக்கும் ஒரு பங்கு தந்தார்கள். மூச்சு நின்றதும் எழுந்து நடந்தோம். வாகனம் காட்டின் மறுபக்கத்தில் காத்திருந்தது. அந்தக் கம்பியை என் மூட்டையில் போட்டார்கள்.

மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப பொய்யா சொன்னீங்கள்?"

"பொய் சொல்லேல்லை. கம்பி அறுந்ததோட நிப்பாட்டினனான்."

நான் சொன்ன இந்த வாதத்தை எதிரணி வைத்திருந்தால் ஒரே நிமிடத்தில் அதை உடைத்திருப்பேன். அவள் வாதாடவில்லை.

"கார்டெரியில பிள்ளையளுக்கு நான் இந்தக் கதையைச் சொன்னனான்," என்றாள். "அதுகள் படம் கீறித் தந்ததுகள். எல்லாத்திலயும் மான் ஓடுது. ஒண்டுக்குச் சப்பாத்தும் போட்டு விட்டிருக்குதுகள்."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாய் அயர்னின் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, சோறும் மீன் குழம்பும் கொண்டுவந்து வைத்தார்.

"சாப்பிடுங்கோ. முகம் வாடிப்போச்சு."

"நீங்கள் வெண்டிட்டியள் அன்ரி."

"என்னத்தை வெண்டனான்? நான் ஒரு கேள்விதானே கேட்டனான்."

நான் பாதிச் சோற்றில் இருந்தபோது மகள் வெளியே வந்து எதிரே உட்கார்ந்தாள். அழுதிருந்தாள், குரல் சரியாக இருந்தது. எத்தனை மணிக்கு எழும்ப வேண்டும், மூட்டை எவ்வளவு பாரம், நாளுக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியில் பதில் சொன்னேன். அவற்றில் ஒரு வரியும் மேடைக்கு உதவாது.

"செத்த மானை என்ன செய்வீங்கள்? புதைக்கிறதோ?"

"இல்லை. விட்டிட்டுப் போறதுதான்."

"அடுத்த நாளும் போனீங்களா?"

"போனன்."

"ஏன்?"

யோசித்தேன். "அங்க இன்னும் கம்பி இருந்தது," என்றேன்.



வெள்ளிக்கிழமை மதியம் அழைத்தாள். "அண்ணா, செஜெப்புக்கு ஓம் எண்டு அனுப்பிட்டன்."

"நான் சொன்னதாலயோ?"

"நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தா நான் அங்க போய்த்தான் கண்டிருப்பன்." பிறகு சொன்னாள்: "எனக்கு அந்த மான் எழும்போணும் அண்ணா. எழும்பாட்டி அடுத்த நாள் திரும்பி நடக்க எனக்கு ஏலாது."

பின்னாலிருந்து தாயின் குரல் கேட்டது: "ஆஸ்பத்திரியிலயும் எல்லாரும் எழும்பமாட்டினம் எண்டு அவளுக்குச் சொல்லுங்கோ தம்பி."

"கேட்டுதே? அம்மா இப்பவே தொடங்கிட்டா," என்று சிரித்தாள் மகள். அந்தச் சிரிப்பில் கோபம் தீர்ந்ததாக நான் நினைக்கவில்லை. இன்றுவரை அவள் மீண்டும் அழைத்ததில்லை.

அன்று மாலையே பொறுப்பாளருக்கு எழுதினேன். அடுத்த வாரம் சனிக்கிழமை லொங்குய் நகரில் ஒரு கூட்டத்தில் பேச வேண்டியிருந்தது. மான் இறந்ததையும் சொல்வதானால் பேசுகிறேன், ஒன்பது நிமிடம் வேண்டும் என்றேன். பதில் பணிவாக வந்தது. கூட்டத்தின் நோக்கத்துக்கு அது உதவாது என்றும், என் பேச்சின் பிரதி அவரிடம் இருப்பதால் வேறொரு தொண்டரைப் பேசவைத்துக்கொள்வதாகவும், இதுவரை செய்ததற்கு நன்றி என்றும் எழுதியிருந்தார்.

அதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றிய கேள்வி, அந்தப் புதியவர் தாளைப் பார்த்துப் படிப்பாரா என்பது. அதற்குப் பிறகுதான் வெட்கம் வந்தது. அந்தப் பிரதியை இனிப் பயன்படுத்த வேண்டாம் என்று இரண்டாம் கடிதம் எழுதி, காரணத்தையும் முழுமையாக எழுதி அனுப்பினேன். அதற்குப் பதில் வரவில்லை. கூட்டம் நடந்த அந்தச் சனிக்கிழமை முழுவதும் வீட்டில் படுத்துத் தூங்கினேன்.