தலைகீழாய் நின்ற முல்லைக் குச்சிகள்

எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவன் நான். எங்கள் ஊர் அகரத்தில் தக்காளி போட வைத்திருந்த நிலத்தை அப்பா என்னை நம்பி முல்லைக்கு விட்டார். வீட்டில் இருந்த ஒரே முல்லைக் கொடியை வெட்டி, இலைகளை உருவி, முந்நூறு குச்சிகளை மண் பைகளில் ஊன்றினேன். மறுநாள் தண்ணீர் ஊற்ற வந்த தங்கை சிரித்தாள்.

"ஏண்ணே, கணுவுல இருக்குற மொட்டெல்லாம் மண்ணப் பாக்குது. படிச்சவுக நட்டா தலைகீழாத்தான் நடுவாகளோ?"

பதறிப்போனேன். பாதிக்கு மேல் அப்படித்தான் நின்றன.

"சிரிச்சது போதும், வா புள்ள!" என்று அவளையும் அழைத்தேன். இருவருமாகப் பிடுங்கித் திருப்பி நட்டோம். மாதம் முடிவதற்குள் துளிர் விட்டது. இன்று அந்த நிலம் முழுக்க முல்லை. நாற்று கேட்டு வருபவர்களிடம் அப்பா, "எம்மவன் போட்டதாக்கும்" என்கிறார்.

இப்போதெல்லாம் குச்சியின் அடியைச் சாய்வாகவும் நுனியை நேராகவும் வெட்டுகிறேன். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் எது அடி என்று கை சொல்லிவிடும்.