பிரேக் அக்கா மாநாட்டுக்குப் போகிறார்

பல் மருத்துவரின் முன்னறையில் காத்திருக்கும்போதுகூட அக்காவின் வலது கால் சும்மா இருப்பதில்லை. யாராவது கண்ணாடிக் கதவை வேகமாகத் தள்ளிக்கொண்டு வந்தால் தரையில் ஓர் அமுக்கு. நர்ஸ் கையில் தட்டோடு திரும்பினால் இன்னோர் அமுக்கு. லிஃப்ட்டில் ஏறினால் தளம் வருவதற்கு முன்பே இவர் நிறுத்திவிடுவார். வீட்டில் சோபாவுக்கு முன்னால் கிடக்கும் விரிப்பில் ஓர் இடம் மட்டும் நூல் தேய்ந்து தரை தெரிகிறது. கேட்டால், "அதுதான் என் ஆபீஸ்" என்பார். கூச்சமெல்லாம் கிடையாது.

வேலை கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. பயிற்சி வண்டியில் ஓட்டப் பழகுகிறவரின் காலடியில் இருப்பது போலவே பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஸ்டியரிங் கிடையாது, ஹாரன் கிடையாது, வேகம் கூட்ட வழியும் கிடையாது. அந்த ஒரு மிதிகட்டையை நம்பி அந்நியர்களின் கையில் தினமும் உயிரைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவரைப் பிரேக் அக்கா என்று கூப்பிடாமல் வேறு என்னவென்று கூப்பிடுவது? வயதில் மூத்தவர்களுக்கும் அவர் அக்காதான். சொந்த வீட்டுக்காரரே சில நாள் வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு அசடு வழிவார்.

ஆளைப் பார்க்கும் முன் அக்கா காலைத்தான் பார்ப்பார். புதிதாகச் சேர வருகிறவர் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் செருப்பு, விரல், கணுக்கால் எல்லாவற்றையும் பார்த்து முடித்திருப்பார். "முகத்தைச் சிரிச்ச மாதிரி வெச்சுக்கலாம். கணுக்காலை எப்படி வெச்சுக்கறது?" என்பது அவர் கட்சி. பழகுகிறவர்களை அவர் திட்டியதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நடுச்சாலையில் வண்டி அணைந்து, பின்னால் நிற்கிறவர்களெல்லாம் ஹாரனில் குடும்பத்தையே இழுக்கும்போதும் அதே நிதானம்தான். "வண்டி ஆஃப் ஆயிட்டா இறங்கியா ஓடுறோம்? சாவியைத் திருப்புங்க. நான் பக்கத்துலதான் இருக்கேன்."

அந்தக் கடைசி வாக்கியம் அக்காவுடையது அல்ல, இரவல் வாங்கியது. கொடுத்தவரும் நிஜ மனிதர் அல்ல.

பல வருடங்களுக்கு முன் டிவியில் ‘சரக்குக் கப்பல் ஒன்பது’ என்று ஒரு விண்வெளித் தொடர் வந்தது. கிரகம் கிரகமாக மூட்டை ஏற்றி இறக்கும் பழைய கப்பல், அதற்கு வாய் ஓயாத ஒரு கேப்டன். ஊரே கேப்டன் மேல் பைத்தியமாக இருந்தது. அக்காவுக்குப் பிடித்ததோ பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்த இரண்டாம் ஓட்டி. அந்த ஆளுக்குப் பெயர்கூட வைக்கவில்லை. வசனம் என்று பார்த்தால் எப்போதாவது ஒரு ‘நான் பக்கத்துலதான் இருக்கேன்’. கேப்டன் வீரம் பேசிக்கொண்டே கப்பலை எதன் மீதாவது மோதப் போகும்போது இவர் பேசாமல் காலை வைத்து அமுக்குவார். அவ்வளவுதான் பாத்திரம். "உன் லாரி வந்துடுச்சு" என்று வீட்டுக்காரர் உள்ளறையிலிருந்து குரல் கொடுத்தால் அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து சோபாவில் உட்காருவார். அதன்பின் கப்பலுக்கு இரண்டு பிரேக்.

ஒருநாள் அக்காவின் கால் பிந்திவிட்டது. வண்டி ஓட்டப் பழகிய வங்கி ஊழியர் ஒருவர் பதற்றத்தில் பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதிக்க, வண்டி பேக்கரியின் சுவரில் ஏறி நின்றது. அவருக்கு மணிக்கட்டு முறிந்தது. யாரும் அக்காவைக் குறை சொல்லவில்லை. அக்காதான் சொல்லிக்கொண்டார். வேலைக்குப் போகவில்லை, சரியாகச் சாப்பிடவில்லை, இனி அந்த இருக்கையில் உட்காருவதில்லை என்று வீட்டுக்காரரிடம் முடிவாகச் சொல்லிவிட்டார். அந்த வாரத் தொடரில் கேப்டன் மயங்கி விழுந்தார். கப்பல் ஒரு நிலையத்தை நோக்கிப் பாய்ந்தது. இரண்டாம் ஓட்டி வியர்வை வழிய, கணுக்கால் நரம்பு புடைக்க, அமுக்கிய காலை எடுக்கவே இல்லை. கப்பல் நிலையத்தின் வாசலில் வந்து நின்றது. இனிமேல் கேப்டன் நாற்காலி உனக்குத்தான் என்று எல்லோரும் சொன்னபோது அவர் தலையை அசைத்துவிட்டுத் தன் பழைய இருக்கையிலேயே போய் உட்கார்ந்தார். மறுநாள் காலை அக்கா வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

இதை அந்த மனிதரிடம் ஒரு தடவை நேரில் சொல்லிவிட வேண்டும் என்பது அக்காவின் உள்ளத்தில் அன்றிலிருந்து கிடக்கிற ஆசை. வீட்டுக்காரரைத் தவிர யாருக்கும் தெரியாது. தொடர் முடிந்து, நடித்தவர்கள் திசைக்கொருவராகப் போன பிறகு அந்த ஆசைக்கு வழியும் இல்லாமல் போயிற்று. இந்த வருடம்தான், அக்காவிடம் ஓட்டப் பழகிய மருந்துக்கடைப் பெண் ஒரு செய்தி கொண்டுவந்தாள். பெரிய ரசிகர் மாநாடு நடக்கிறதாம், பழைய தொடர்களின் ரசிகர்களெல்லாம் வேஷம் கட்டிக்கொண்டு கூடுவார்களாம், இரண்டாம் ஓட்டியாக நடித்தவரும் வருகிறாராம். அக்கா அன்று ஓட்டப் பழக வந்த மூன்று பேரையும் சுற்றிய இடத்தையே சுற்ற வைத்தார் என்று கேள்வி.

இரண்டாம் ஓட்டியின் சட்டையை அக்கா தானே தைத்தார். தோளில் பட்டை, இடது கையில் பென்சில் செருகும் பை, கழுத்துவரை ஜிப். துணிக்கடையில் இருக்கிற பச்சையெல்லாம் மேஜைக்கு வந்தன. "இது இலைப் பச்சை. எனக்கு வேண்டியது தண்ணித்தொட்டி ஓரத்துல படியுமே, அந்தப் பச்சை." கடைக்காரர் மூட்டை மூட்டையாகப் பிரித்துக் காட்டி, கடைசியில் ஜன்னல் திரைத் துணியில் அந்த நிறம் கிடைத்தது. மருந்துக்கடைப் பெண் பழைய தொடரைப் போனில் காட்டுகிறேன் என்றதற்கு அக்கா சம்மதிக்கவில்லை. "அந்தப் போன்ல பார்த்தா கப்பல் கட்டெறும்பு மாதிரி இருக்கும். எனக்குத்தான் மனப்பாடமா தெரியுமே."

மாநாடு நகரத்தின் ஓரத்தில், பொருட்காட்சி நடத்தும் பெரிய கூடத்தில். வாசலிலேயே அக்கா குழந்தையாகிவிட்டார். அட்டையில் செய்த ரோபோக்கள் வரிசையில் நின்று தண்ணீர் குடித்தன. முதுகில் ஆள் உயர இறக்கை வைத்த ஒருவர் கதவுக்குள் நுழையப் பக்கவாட்டில் நடந்துகொண்டிருந்தார். வால் வைத்தவர்கள் வாலைக் கையில் பிடித்திருந்தார்கள். "இவ்ளோ கூட்டத்துல ஒருத்தர் மேல ஒருத்தர் இடிக்கல பாருங்க. ரோட்டுல மட்டும் இவங்களுக்கு என்ன கேடு?" என்றார் வீட்டுக்காரரிடம். பிறகு கூடத்தின் மறுகோடியில் ‘சரக்குக் கப்பல் ஒன்பது’ என்ற பலகையைப் பார்த்தார். அதன்கீழ் ஒரு கூட்டமே இரண்டாம் ஓட்டியாக நின்றது. தோளில் அதே பட்டை, கையில் அதே பென்சில் பை. எல்லாச் சட்டையும் ஆரஞ்சு.

கொஞ்ச நேரம் அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்காரருக்குத்தான் முதலில் புரிந்தது. அந்தக் காலத்தில் அவர்கள் வீட்டு டிவியில் சிவப்பு செத்துப்போயிருந்தது. மெக்கானிக் வந்து பார்த்து, படக்குழாயையே மாற்ற வேண்டும் என்று சொல்ல, அப்படியே விட்டுவிட்டார்கள். செய்தி வாசிப்பவர் முதல் கேப்டன் வரை எல்லோரும் காமாலை முற்றிப் பச்சை பூத்தவர்கள் போல இருப்பார்கள். முகங்களையெல்லாம் மனதிலேயே திருத்திக்கொண்டு பார்த்த அக்காவுக்குச் சட்டையையும் திருத்த வேண்டும் என்று தோன்றவே இல்லை.

அக்கா திரும்பி நடந்தார். காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டார், அதுவும் ஓட்டுநர் இருக்கையில் அல்ல, பக்கத்து இருக்கையில். "அவருக்கு ரசிகைன்னு போய் நிக்கிறேன். போட்டிருந்த சட்டை என்ன கலருன்னு தெரியல. நான் என்ன பேசினாலும் சிரிக்கத்தானே செய்வாங்க." ஜிப்பைப் பாதிவரை இறக்கிவிட்டிருந்தார். அக்காவின் குரல் உடைந்து வீட்டுக்காரர் கேட்டது, அந்தப் பேக்கரிச் சுவருக்குப் பிறகு இப்போதுதான்.

வீட்டுக்காரர் மருத்துவமனையில் கோப்பு அடுக்குகிறவர். பேச்சுக்கும் அவருக்கும் வெகு தூரம். கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, "வண்டி ஆஃப் ஆயிட்டா இறங்கியா ஓடுறோம்?" என்றார். அக்கா முறைத்தார். அவர் விடவில்லை. "நீ பார்த்தது பச்சைதானே. அதுக்கு நானும் சாட்சி. நான் பக்கத்துலதான் இருக்கேன்." அக்கா மூக்கை உறிஞ்சிவிட்டு ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றினார்.

மறுபடி உள்ளே நடந்தபோது பார்க்காத கண் இல்லை. ஆரஞ்சுச் சட்டைக்காரர் ஒருவர், தபால்காரராம், நெடு நெடுவென்று வளர்ந்தவர், குனிந்து கேட்டார். "இது எந்த எபிசோடுல வந்த சட்டைங்க?" அக்கா அவருடைய காலை ஒரு பார்வை பார்த்தார். நல்ல கால்தான். "எங்க வீட்டு டிவியில வந்த சட்டைங்க. சிவப்பு அவுட். எனக்கு அவர் பச்சையாத்தான் வந்தார்." சிரிப்பார் என்று எதிர்பார்த்து அக்கா காத்திருக்க, தபால்காரர் சற்றே யோசித்தார். "எங்க வீட்டுல கறுப்பு வெள்ளைங்க. நான் பெரியவனாகுற வரைக்கும் சாம்பல் கலருன்னுதான் நினைச்சேன். சாம்பல்லயே தைச்சிருக்கலாம். தைரியம் வரல." அதைக் கேட்டு இன்னொரு அம்மா, தங்கள் வீட்டில் டிவியே இல்லை, எதிர்வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்ததால் இரண்டாம் ஓட்டிக்கு இடது தோள் மட்டும்தான் தெரியும் என்றார். குழுவாகப் படம் எடுத்தபோது பச்சையை நடுவில் நிறுத்தினார்கள். வீட்டுக்காரர் தூரத்தில் அக்காவின் கைப்பையைப் பிடித்துக்கொண்டு, படத்தில் தானும் இருப்பது போல நிமிர்ந்து நின்றார்.

நடித்தவரைப் பார்க்கத் தனி வரிசை. அக்கா உதட்டுக்குள்ளேயே பாடத்தை ஒப்பித்துக்கொண்டு நகர்ந்தார். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவருக்கு முடி கொட்டியிருந்தது, கன்னம் தொங்கியிருந்தது. மேஜை விரிப்பு குட்டையானது. அக்கா வழக்கப்படி முதலில் காலைப் பார்த்தார். நீர் கோத்து வீங்கிய பாதங்கள், வார் தளர்ந்த செருப்பு. அந்தக் கால்தானா என்று ஒரு கணம் மனம் கலங்கியது. ஆனாலும் எல்லாவற்றையும் சொன்னார். பேக்கரிச் சுவர், முறிந்த மணிக்கட்டு, எடுக்காத கால், மறுநாள் காலை. கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்த மனிதர் திறந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"உங்ககிட்ட பொய் சொல்ல எனக்கு மனசு வரலம்மா" என்றார் கடைசியில். "நான் அமுக்கினது வெறும் பலகை. அடியில கொஞ்சம் பஞ்சு வெச்சிருந்தாங்க. எதோடயும் சேரல. செட்டுக்குப் பின்னாடி நின்னு நாலு பேர் அதை ஆட்டுவாங்க. அவங்க ஆட்டறதை நிறுத்தினா கப்பல் நிக்கும்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். வீட்டுக்காரர் அக்காவின் முகத்தைப் பார்த்தார்.

"பலகையா இருக்கட்டும் சார்" என்றார் அக்கா. "ஒப்புக்கு அமுக்குற காலை நான் தினமும் பார்க்கிறேன். உங்க கால் ஒப்புக்கு அமுக்கல."

"எல்லாம் நடிப்பும்மா" என்றார் அவர், மிகவும் அன்பாக. அக்கா தலையாட்டினார். ஏமாற்றமே இல்லை என்று சொன்னால் அது பொய். நன்றி சொல்லி, கையெழுத்துப் போட்ட படத்தை ஈரம் காயட்டும் என்று கையில் விரித்துப் பிடித்துக்கொண்டார்.

அப்போதுதான் பக்கத்து நடைபாதையில் ஒரு தள்ளுவண்டி வந்தது. தண்ணீர்ப் பெட்டிகளைத் தலைக்கு மேல் அடுக்கிக்கொண்டு, முன்னால் ஒன்றும் தெரியாமல், ஒருவர் விறுவிறுவென்று தள்ளிக்கொண்டு வந்தார். வழியில் அந்த இறக்கைக்காரர் முதுகைக் காட்டிக் குனிந்து, உதிர்ந்த இறகைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். யாரோ "வண்டி, வண்டி" என்று கத்தினார்கள். தள்ளியவர் பின்னால் சாய்ந்து இழுத்துப் பிடித்தார். சக்கரங்கள் கிறீச்சிட்டு, இறக்கையின் நுனியைத் தொட்டும் தொடாமலும் வண்டி நின்றது. எல்லோரும் அந்தப் பக்கம் பார்த்தார்கள்.

அக்காவின் வலது கால் தரையை அமுக்கியிருந்தது. காலை எடுக்கலாம் என்று கீழே பார்த்தவர், மேஜையின் குட்டை விரிப்புக்கு அடியிலும் பார்த்தார். அங்கே தளர்ந்த செருப்புக்குள் இன்னொரு வலது கால், குதிகாலை ஊன்றி, நரம்பு புடைக்க, அப்படியே தரையை அமுக்கிக்கொண்டிருந்தது.