ஹருகோவின் தீவில் சரஸ்வதி அக்காவின் கிணறு

இன்று காலை தோடம்பழம் ஒன்றின் ஆரஞ்சுத் தோலை உரித்துக்கொண்டிருந்தபோது ஹருகோவின் செய்தி வந்தது. எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு, ஆங்கிலத்தில் நாலைந்து வரி. அம்மா காலமாகிவிட்டார். சாம்பலைத் தீவுக்குக் கொண்டுபோகிறேன். கல்லறைக்கு எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஆனால் தீவில் இப்போது ஒருவரும் இல்லை, எல்லாம் பற்றைக்காடு. கிணறு எங்கே என்று எனக்கு மறந்துவிட்டது. சரஸ்வதி வீட்டில் நான் கீறிய படம் உங்களிடம் இருக்கிறதா?

இருக்கிறது என்று உடனே எழுதிப்போட்டேன். பிறகுதான் அந்தப் படம் எப்படிக் கீறப்பட்டது என்பது ஞாபகம் வந்தது.

யுத்தம் முடிந்து சனம் திரும்பி வந்துகொண்டிருந்த நாட்களில் நான் கண்ணிவெடி அகற்றும் நிறுவனம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளர். பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிடாதீர்கள். என் ஆங்கிலம் பளையில் ரியூசன் கொட்டிலுக்குள் படித்த ஆங்கிலம். இறந்தகாலமும் நிகழ்காலமும் அதில் ஒரே பாயில்தான் படுத்துக் கிடந்தன. யப்பானிலிருந்து அதே நிறுவனத்துக்கு வேலைக்கு வந்த ஹருகோவின் ஆங்கிலமும் அப்படியே. அதனால் அவர் சொன்ன எதுவும் நடந்து முடிந்ததா, இன்னும் நடக்கிறதா என்று எனக்கு ஒருநாளும் தெளிவாக விளங்கியதில்லை. முல்லைத்தீவுக்குப் போகிறோம் என்று சொன்ன முதல் நாள், படகு எங்கே என்று கேட்டார். தீவு என்றுதான் பெயர், ஆனால் பஸ்ஸில் போகலாம் என்றேன். ஏன் என்றார். பிறந்ததிலிருந்து அந்தப் பெயரைச் சொல்லி வருகிறேன், அந்தக் கேள்வி எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

ஒரு காணிக்குள் ஆட்கள் இறங்குவதற்கு முன்னால் சொந்தக்காரரிடம் போய், வீடு எங்கே, பாதை எங்கே, கிணறு எங்கே இருந்தது என்று கேட்டு, அவரைக்கொண்டே படம் கீறுவிப்பது ஹருகோவின் வேலை. அப்படித்தான் இரணைமடுவுக்குக் கிழக்கே தகரக் கொட்டில் ஒன்றில் இருந்த சரஸ்வதி அக்காவிடம் போனோம். வயல் செய்கிற மனுசி. இடம்பெயர்ந்தபோது தன் தையல் மெஷினைச் சாக்கில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கிவிட்டுப் போனவர். இப்போது வீடும் இல்லை, கிணறு இருந்த இடமும் தெரியவில்லை, ஆள் உயரத்துக்குப் பற்றை. கிணற்றைக் கண்டுபிடிக்காவிட்டால் மெஷின் மட்டுமா போகும், குடிக்கத் தண்ணீருக்கு எங்கே போவது?

நான் அறிமுகம் செய்துவைத்தேன். ஹருகோ, சின்னத் தீவு ஒன்றில் பிறந்தவர் என்று சொல்லச் சொன்னார். நானும் வாய்க்கு வந்தபடி, "அவா தீவார் அக்கா" என்றுவிட்டேன்.

அக்கா சிரித்துவிட்டார். யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து இந்தக் குடியேற்றத்துக்கு வந்த குடும்பம். தீவார், அதாவது பக்கத்துத் தீவுகளின் ஆட்கள் என்றால் அவர்களுக்கு ஒரு நமுட்டுச் சிரிப்பு எப்போதும் இருக்கும். "எது, நெடுந்தீவோ, புங்குடுதீவோ?" என்று கேட்டார். யப்பானில் என்றேன். "யப்பானே தீவெண்டுதானே படிச்சனாங்கள். அதுக்குள்ள இன்னொரு தீவோ?"

இதை எப்படி மொழிபெயர்ப்பது? தலையை மட்டும் ஆட்டினேன். ஹருகோவும் ஆட்டினார்.

படம் கீற வராது என்று அக்கா மறுத்ததால், இப்படித்தான் கீற வேண்டும் என்று காட்டுவதற்காக ஹருகோ பென்சிலால் தன் தீவைக் கீறத் தொடங்கினார். சுற்றிவரக் கடல். நடுவில் ஒரு மலை. ஆறு கிடையாது. முன்னொரு காலத்தில் எங்கோ கோட்டை கட்ட அந்த மலையிலிருந்து கல் வெட்டிக் கப்பலில் ஏற்றினார்களாம். கல் முடிந்ததும் வெட்டிய சரிவிலேயே படிக்கட்டுப் போலத் தோடை மரங்கள் நட்டார்களாம். கரையோரக் கிணறுகள் எல்லாம் உவர். மலையடியில் மட்டும் நல்ல தண்ணீர்.

"உப்புத் தண்ணி ஊரோ? அப்ப தீவார்தான்," என்றார் அக்கா. எங்கள் தீவுகளிலும் நல்ல தண்ணீர் அருமை. இப்போது சிரிப்பு இல்லை, ஒரு மரியாதை வந்திருந்தது.

ஹருகோவுக்கு எட்டு வயதானபோது பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டார்கள். பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் வெளிக்கிட்டன. பிறகு தோடை பிடுங்க ஆளில்லாமல் மற்றவர்களும். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "செல்லடியோ?" எறிகணை ஒன்றும் விழவில்லை என்றேன். "செல்லும் அடிக்கேல்ல, ஆரும் கலைக்கவும் இல்ல. பிறகேன் ஊரை விட்டவை?"

நான் கேட்டேன். தெரியவில்லை என்றுவிட்டு, ஹருகோ தன் வீட்டைக் கீறத் தொடங்கினார்.

பிறகு நடந்ததற்கு யாரைக் குற்றம் சொல்வது? ஹருகோ தன் வீட்டுக்குப் பின்னால் கிணற்றைக் கீறினார். அக்கா விரலை வைத்தார். "உதில இருக்கேலாது. கிணறு குசினிக்குக் கிழக்கால. பக்கத்தில முருங்கை." சமையலறைக்குக் கிழக்கே என்று மொழிபெயர்த்தேன். யாருடைய கிணறு என்று நான் சொல்லவில்லை, ஹருகோவும் கேட்கவில்லை. அழிறப்பரால் அழித்துவிட்டுக் கிழக்கில் கீறினார். தோடம்பழ மணம் வரும் அழிறப்பர் அது. கொட்டில் முழுக்க மணத்தது. "பாதை உப்பிடிப் போகாது, வைரவர் கோயிலடியால திரும்பும்." அழித்தார். கீறினார். மலைக்குப் பக்கத்தில் மாட்டுக்கொட்டில் வந்தது. படகுத்துறைக்குப் பக்கத்தில் வயல் வந்தது. தன் ஊரில் ஒவ்வொன்றாக ஹருகோ ஏன் பேசாமல் அழித்தார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. வேலை நடக்கிறதே என்று விட்டாரா, இல்லை அக்கா அவ்வளவு உறுதியாகச் சொல்லவும் தன் நினைவில்தான் பிழை என்று நினைத்துவிட்டாரா?

அந்தப் படத்தை வைத்துத்தான் ஆட்கள் உள்ளே போனார்கள். வைரவர் கோயில் அத்திவாரத்திலிருந்து அளந்து போய், குசினிக்குக் கிழக்கே கிணற்றைக் கண்டுபிடித்தார்கள். மெஷின் துருப்பிடித்துக் கல்லாகியிருந்தது. தண்ணீர் நல்ல தண்ணீர். அக்கா முதல் வாளியை ஹருகோவின் கையில்தான் கொடுத்தார்.

வேலை முடிந்ததும் நான் எடுத்து வைத்த அந்தத் தாள், இன்று காலை தேடியபோது அலுமாரியின் அடித்தட்டில் இருந்தது. அதை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். சுற்றிவரக் கடலும் நடுவில் மலையும் ஹருகோவுடையவை. மற்றதெல்லாம் எனக்குக் குழப்பம். அழித்த இடங்கள் மூன்று நான்கு, எல்லாம் ஒரே சாம்பல் நிறம். அவருடைய கிணறு அவற்றில் எது? மத்தியானம் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனேன். இப்போது கல்வீடு. கிணற்றுக்குக் கட்டும் கட்டி, மோட்டரும் பூட்டியிருந்தது.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை வாங்கினார். "இது எங்கட வளவெல்லே? குசினி, முருங்கை, எல்லாம் கிடக்கு." பிறகு தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சுத்திவரக் கடலை ஏன் கீறி வச்சிருக்கு?"

நான் சொன்னேன். அன்று ஹருகோ கீறியதையும், இன்று காலை அவர் கேட்டதையும், தாய் இறந்ததையும் சொன்னேன். அக்கா கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"எனக்கு அண்டைக்கு என்ர கிணறுதானே பெரிசாக் கிடந்தது," என்றார். "அவான்ர ஊரை நானெல்லோ அழிச்சுப்போட்டன்."

ஹருகோவுக்கு இறந்தகாலத்தில் எழுதுவதா, நிகழ்காலத்தில் எழுதுவதா என்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் கிணறு இதில் இருந்தது என்பதா, இருக்கிறது என்பதா? சும்மா தாளை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனேன். அந்த அழிறப்பரின் தோடம்பழ மணம் இல்லை. பழைய தாள் மணம்தான் வந்தது.