அவசரமும் பல்லேடியமும்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு ‘அவசரம்’ என்று பெயர். வைத்தது நான்தான். பேருந்தைவிட்டு இறங்கும்போதே மேலங்கிப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வருவாள். அப்பா போன பிறகு இரண்டு தம்பிகளைப் படிக்கவைத்து, அம்மாவையும் பார்த்துக்கொள்கிறவளுக்கு நிற்க ஏது நேரம்?

தங்கம் அவளுக்கென்றே அமைந்த உலோகம். பழைய கம்ப்யூட்டர் சர்க்யூட் பலகைகளைக் கரைத்த அமிலத்தில், எண்ணெய் போன்ற ஒரு கரைப்பானை ஊற்றிக் கலக்கினால் போதும். இருபது நிமிடத்தில் தங்கம் எண்ணெய்க்குத் தாவிவிடும். அமிலம் கீழே நிற்கும், தங்கம் ஏறிய எண்ணெய் மேலே மிதக்கும்.

மிச்ச அமிலத்தில் தங்கிவிடும், தங்கம் போலவே விலையுயர்ந்த உலோகமான பல்லேடியம்தான் அவள் உயிரை வாங்கியது. அதற்கென்று வேறொரு கரைப்பான் வரவழைத்து, தங்கத்துக்குப் போலவே இருபது நிமிடம் கலக்கிப் பார்ப்பாள். அசையாது. கரைப்பானைக் கூட்டினாள், அமிலத்தைக் குறைத்தாள், மூன்று வாரம் போயிற்று. முதலாளி வந்து நின்றார்.

“வெள்ளிக்கிழமை வரைக்கும் பாருங்கம்மா. வரலேன்னா இதை மூடிடலாம். பலகை உடைக்கிற பக்கம் ஆள் குறையுது, நீங்க அங்க போயிடுங்க.”

அவள் முகம் செத்துப்போனது. படித்த படிப்புக்கு அவளுக்கென்று இருந்தது இந்த ஒரு மேசைதான்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கலக்கி மெஷினை ஓடவிட்டாள். உடனே போன் வந்தது. அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாளாம். போட்டது போட்டபடி ஓடினாள். அடுத்தவர் மேசையில் கை வைப்பதில்லை என்ற வீம்பு எனக்கு, நானும் கலக்கியை நிறுத்தவில்லை.

திரும்பி வரும்போது மணி இரண்டு. அம்மாவுக்கு வெறும் சுளுக்குதான்.

“இந்த சுவிட்சை அணைச்சா கை தேஞ்சிடுமா உங்களுக்கு?” என்று என்மேல் பாய்ந்தபடியே அணைத்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

இரண்டு அடுக்கும் மெல்லப் பிரிந்தன. காலையில் செம்பழுப்பாக இருந்த அமிலத்தில் இப்போது பலகைகளிலிருந்து கரைந்த செம்பின் பச்சை மட்டும் மிஞ்சியிருந்தது. மேலே எண்ணெய் ஆரஞ்சு நிறமாகியிருந்தது. பல்லேடியம் ஏறிவிட்டது.

“அது வராமல்லாம் இல்ல. நான்தான் அதுக்கு நேரமே கொடுக்கல” என்றாள். குரல் உடைந்தது.

மறுநாள் முதலாளி கண்முன்னால் இன்னொரு முறை செய்து காட்டினாள்.

“ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரமா? அதுவரைக்கும் நீங்க என்னம்மா பண்ணுவீங்க?”

“பக்கத்துல உட்கார்ந்திருப்பேன் சார். ஒரு நாற்காலி மட்டும் வேணும்.”

சேர்ந்து வேலை பார்த்த பதினோரு வருடத்தில் அவள் தனக்கென்று ஒன்றைக் கேட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.